மறுபடியும் முதலாமாண்டு என்றால்…

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். படிப்பை முடித்துப் போகிறவர்களிடம், ‘மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பதுண்டு என்று போன இதழில் சொல்லியிருந்தீர்கள். அவர்கள் சொன்ன பதிலை எங்களுக்கும் சொல்லுங்களேன் மேடம்.
– மாணவர், அரூர்

பதில்: கடைசி செமஸ்டரில் நோ டியூஸ் படிவத்தில் கையெழுத்து வாங்க டிபார்ட்மென்ட்டுக்கு வருவார்களே, அப்போது கேட்பேன் தம்பி. ‘இன்னும் நல்லாப் படிச்சிருப்பேன் மேம்’ என்பதுதான் முதலில் வரும். அது ஆசிரியர் மனம் குளிரச் சொல்வது. உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தால் வேறொன்று வரும். நான் வேலை பார்த்த ஊர்களில் எல்லாம் அதிகம் காதில் விழுந்தது இதுதான்: கேட்க வேண்டியதை, கேட்க வேண்டிய ஆளிடம் கேட்காமலே மூன்று வருடம் போய்விட்டது.

ஒரு பையன், ஒளியைப் பிரித்துக் கோணம் அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை மூன்று வருடத்தில் தான் தொட்டதே இல்லை என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்ல மார்க் வாங்கியவன் அவன். லேப்பில் ஒரு கருவிக்கு நான்கு பேர். கைப்பழக்கம் உள்ள ஒருவன் டெலஸ்கோப்பைத் திருப்பி, சோடியம் விளக்கின் மஞ்சள் கோட்டைக் குறுக்குக் கம்பியில் நிறுத்தி, வெர்னியர் அளவுகோலைப் படித்துச் சொல்வான். மற்ற மூவரும் எழுதிக்கொள்வார்கள். பிராக்டிகல் தேர்வில் இவனுக்குச் சீட்டில் வேறு சோதனை வந்துவிட்டது. அவ்வளவுதான், கதை முடிந்தது. முப்பட்டகத்தை மெல்லத் திருப்பும்போது அந்த மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே வரும், ஓரிடத்தில் நிற்கும், நாம் அதே பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும்போதே வந்த வழியில் திரும்பிப் போகும். அது நிற்கிற இடத்தில்தான் சிறுமத் திசைமாற்றக் கோணம், அதாவது முப்பட்டகம் ஒளியை மிகக் குறைவாகத் திருப்பும் கோணம் இருக்கிறது. அதை ஒரு தரம் கண்ணால் பார்த்தவருக்கு ஃபார்முலா மறக்காது. ‘டேய், நான் ஒரு தடவை வைக்கிறேன்டா’ என்று பக்கத்தில் நின்றவனிடம் கேட்டிருக்கலாம். லேப் அட்டெண்டர் அண்ணனிடம் மதியம் போய்க் கேட்டிருந்தால் அவரே விளக்கைப் போட்டுக் கொடுத்திருப்பார். எந்தக் கருவியில் எந்தத் திருகு இறுக்கம் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது.

இன்னொரு மாணவி சொன்னது என்னை இன்றும் உறுத்துகிறது. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சி ஒன்று நடத்துகின்றன. தேர்வானால் ஏதாவதொரு ஆய்வு நிறுவனத்தில் இரண்டு மாதம் வரை விஞ்ஞானி ஒருவரிடம் வேலை கற்கலாம், உதவித்தொகையும் உண்டு. பி.எஸ்சி. மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இவள் அறிவிப்பை நோட்டீஸ் போர்டில் படித்துவிட்டு, கடிதம் கேட்க ஸ்டாஃப் ரூம் வாசல் வரை வந்திருக்கிறாள். உள்ளே ஆசிரியர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போனவள் பிறகு வரவேயில்லை.

பள்ளிக்கூடத்தில் ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு பிள்ளை எப்போது போகும்? நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போகும், இல்லையென்றால் திட்டு வாங்கப் போகும். சும்மா ஒரு சந்தேகம் கேட்கப் போகலாம் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு மாமாவோ அக்காவோ சொல்லிவிடுவார்கள். உன்னைப் போன்றவர்களுக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. வாசலிலேயே நின்றுவிடுகிற பிள்ளையை ‘இதுக்கு ஆர்வமே இல்ல’ என்று முடிவு கட்டும் ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஆகையால் தம்பி, முதல் மாதத்திலேயே இதைச் செய். உனக்குப் பாடம் எடுப்பவர்களில் ஒருவரைத் தேர்ந்துகொள். அன்று நடத்தியதில் புரியாத ஒரு வரியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போ. ‘சந்தேகம் இருக்கு’ என்று மொட்டையாகச் சொல்லாதே. ‘இந்த மைனஸ் குறி எப்படி வந்துச்சு மேம்?’ என்று கேள். சாப்பிடும் நேரமாக இருந்தால், ‘எத்தனை மணிக்கு வரட்டும்?’ என்று கேட்டுவிட்டுத் திரும்பு. இரண்டாம் தடவை கால் கூசாது.

கேள்வி: மகள் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது பி.காம். சேர்ந்திருக்கிறாள். வகுப்பில் இங்கிலீஷில் நடத்துவதால் வாயே திறப்பதில்லை. வேறு கோர்ஸுக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. கணக்குப்பதிவியல் அவளுக்குப் புதிதில்லை. பற்று, வரவு, இருப்பாய்வு, தேய்மானம், வங்கிச் சரிகட்டும் பட்டியல் எல்லாம் பிளஸ் ஒன்னிலேயே போட்டுப் பார்த்தவள். அவளுடைய பழைய தமிழ்ப் பாடநூலையும் கல்லூரிப் புத்தகத்தையும் அருகருகே விரித்து, ஒரே கணக்கை இரண்டிலும் பார்த்து, எந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு எது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழ் மீடியத்திலிருந்து வந்து முடித்துப்போன பிள்ளைகள் பலர், ‘முதல் செமஸ்டர்லயே இதைப் பண்ணியிருந்தா மீதி வருஷம் நிம்மதியா இருந்திருப்பேன்’ என்றிருக்கிறார்கள். வகுப்பில் தமிழிலேயே சந்தேகம் கேட்கட்டும். அதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

அரசு வேலை எண்ணம் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-இல் வந்த திருத்தத்தின்படி, பட்டம் கேட்கிற வேலை என்றால் பள்ளியிலிருந்து பட்டப்படிப்பு வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு போதும் என்கிற வேலைகளுக்கு அவளுடைய பள்ளிப் படிப்பே போதும். அவள் கல்லூரியில் தமிழ் வழிப் பிரிவு இருக்கிறதா, மாற இடம் இருக்கிறதா என்று இந்த மாதமே அலுவலகத்தில் விசாரியுங்கள். மூன்றாம் வருடத்தில் இந்த விதியைத் தெரிந்துகொண்டு கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. எனக்குப் பிடித்தது கம்ப்யூட்டர்தான் என்று இப்போதுதான் புரிகிறது. விட்டுவிட்டு மறுபடி முதலில் இருந்து சேரலாமா?
– மாணவர், திருச்சி

பதில்: வேண்டாம் என்பதே என் எண்ணம். இரண்டு வருடத்தையும் அப்பாவின் பணத்தையும் விடுவதற்கு முன், பிடித்தது உண்மையிலேயே பிடிக்கிறதா என்று பார். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். புரோகிராமிங்கின் அடிப்படையான டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பு ஒன்றில் சேர்ந்து, வாராவாரம் அசைன்மென்ட் போட்டு முடி. நடுவில் சலித்துவிட்டால் பதில் தெரிந்துவிடும். முடித்தும் ஆசை தீரவில்லையென்றால், எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம். மெக்கானிக்கல் மாணவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளைத் தேர்ந்தெடுத்தும் எழுதலாம்.

கேள்வி: நாலு அரியர். கடைசி செமஸ்டரில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்கிறார்கள் நண்பர்கள்.
– மாணவர், ஈரோடு

பதில்: அடுத்த தேர்விலேயே இரண்டை முடியுங்கள். தள்ளிப்போட்டால் பாடத்திட்டம் மாறிவிடும், நடத்திய ஆசிரியர் மாற்றலாகிப் போய்விடுவார், பழைய நோட்டும் கிடைக்காது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் பல, அரியர் நிலுவையில் இருந்தால் உட்காரவே விடுவதில்லை. ஒன்றிரண்டு மார்க்கில் போயிருந்தால் விடைத்தாள் நகல் வாங்கி, பாட ஆசிரியரிடம் காட்டிய பிறகு மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள்.

கேள்வி: தினமும் போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிறது. ஹாஸ்டல் பிள்ளைகள் போல லைப்ரரியில் உட்கார முடியவில்லை. என்னைப் போன்றவள் என்னதான் செய்வது மேடம்?
– மாணவி, செங்கம்

பதில்: பஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த ஏக்கம் உண்டு அம்மா. நாலு மணிக்கு மணி அடித்ததும் ஓட வேண்டும். விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாது. நெரிசலில் நின்றுகொண்டே படி என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன். அந்த மூன்று மணி நேரம் உடம்புக்கே போதாது.

மதிய இடைவேளையில் லைப்ரரிக்குப் போய்ப் படிக்க நேரம் இருக்காது. புத்தகம் மாற்ற இருக்கும். கார்டில் எத்தனை புத்தகம் தருவார்களோ அத்தனையும் எப்போதும் உன் வீட்டில் இருக்கட்டும். ஊரில் நூலகத் துறையின் கிளை நூலகம் இருந்தால் அங்கும் உறுப்பினராகு. கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வரும். மறுபடி சேர்ந்தால் அதில் ஒரு பங்கை எடுக்காமல் வைத்திருப்பேன் என்று ஒரு மாணவி சொன்னாள். எம்.எஸ்சி. விண்ணப்பங்களுக்குக் கட்டணம் கட்டும் வாரத்தில் வீட்டில் கேட்கத் தயங்கி, இரண்டு கல்லூரிகளை அவள் விட்டுவிட்டாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது.

கேள்வி: நீங்களே மறுபடி முதலாமாண்டு சேர்ந்தால்?
– வாசகர், ஆம்பூர்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்து ஆசைதான். நான் வேலூரில் படித்த காலத்தில், 1986-இல், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அதே காவலூரில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து, அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயரையே வைத்தார்கள். எனக்கு எல்லாம் செய்தித்தாளில் படித்ததோடு சரி. மலைக்குப் போய்விட்டு இரவில் திரும்ப எங்கள் வீட்டில் பெண் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். மறுபடி சேர்ந்தால், வகுப்பில் பத்துப் பேரைச் சேர்த்து, ஹெச்.ஓ.டி.யிடம் வேன் கேட்பேன். சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கும் அங்கே வானத்தைக் காட்டுகிறார்கள். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் போகலாம். மழைக்காலத்தில் மேகம் மூடிக்கொள்ளும்; ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போய்வாருங்கள்.