சின்ஸ், ஃபார்: எதை எங்கே போடுவது?

டெல்லியில் ஐந்து வருஷமாக இருப்பதை ஆங்கிலத்தில் சொல்ல ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ சரியா, ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ சரியா? ‘ஃபார்’தான்.

சின்ஸுக்குப் பின்னால் தொடங்கிய புள்ளி வரும்: 2019, திங்கட்கிழமை, காலை 9 மணி. ஃபாருக்குப் பின்னால் கால அளவு: 5 வருஷம், 2 மணி நேரம். மெட்ரோவில் ஏறிய ஸ்டேஷன் சின்ஸ். உள்ளே நின்ற நேரம் ஃபார்.

தமிழில் இந்தப் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது: ‘2019லேர்ந்து’, ‘5 வருஷமா’. இரண்டையும் நாம் மாற்றிச் சொல்வதே இல்லை. இந்தியில்தான் இரண்டுக்கும் ஒரே ‘ஸே’: ‘2019 ஸே’, ‘பாஞ்ச் சால் ஸே’. கரோல் பாக் கடைத்தெருவில் நாளெல்லாம் இந்தி பேசும் தமிழர் வாயில் ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். சந்தேகம் வந்தால் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘லேர்ந்து’ வந்தால் சின்ஸ், ‘மா’ வந்தால் ஃபார்.

வினையும் மாற வேண்டும். ‘ஐ ஆம் லிவிங்’ இல்லை, ‘ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. ‘ஐ லிவ்ட் ஹியர்’ என்றால் வீட்டைக் காலி செய்தாயிற்று என்று அர்த்தம்.

‘லாஸ்ட்’ சேர்த்தால் சின்ஸ் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ‘சின்ஸ் லாஸ்ட் இயர்’ சரி, அது ஒரு புள்ளி, ஆனால் ‘சின்ஸ் லாஸ்ட் டூ இயர்ஸ்’ தப்பு, அங்கே ‘ஃபார் த லாஸ்ட் டூ இயர்ஸ்’தான்.