அப்பா அம்மாவோட மிச்சிகன் ஏரிக்கரையில லைட்ஹவுஸ் பாத்துக்கிட்டே ஒரு கார் ட்ரிப் போகலாமா?

டெட்ராய்ட்ல இருந்து கிளம்பி மூணு நாலு நாள் லேக் மிச்சிகன் ஓரமாவே போய் லைட்ஹவுஸ் எல்லாம் பாக்கணும், ஜூன் கடைசியில ஊர்லேந்து அப்பா அம்மா வர்றாங்க, அவங்களுக்கு ஒத்துவருமான்னு கேட்டிருக்கீங்க.

தாராளமா ஒத்துவரும். நான் கிராண்ட் ராபிட்ஸ் பக்கம்தான் இருக்கேன், ஊர்லேந்து யார் வந்தாலும் நயாகராவுக்கு முன்னாடி இந்தக் கரைக்குத்தான் கூட்டிட்டுப் போவேன். தெற்க ஹாலண்ட்ல ஆரம்பிச்சு லடிங்டன், ஃபிராங்க்ஃபோர்ட், ஸ்லீப்பிங் பேர், டிராவர்ஸ் சிட்டின்னு வடக்க ஏறி மேக்கினா பாலத்துல முடிங்க, திரும்பி வர ஐ-75 ஹைவே நேரா டெட்ராய்ட்ல கொண்டு விட்டுடும். ஒண்ணே ஒண்ணு, இந்த ஸ்டேட்ல 120க்கு மேல லைட்ஹவுஸ் இருக்கு, எத்தன பாத்தோம்னு கணக்கு வெச்சுக்கிட்டு ஓடாதீங்க. அஞ்சாறு போதும், ஆனா ஒவ்வொண்ணும் ஏன் அப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு பாருங்க, அப்பத்தான் பெரியவங்களுக்கும் சுவாரசியமா இருக்கும்.

ஹாலண்ட்ல இருக்குறது பிக் ரெட். 1907ல கட்டினது, செவப்பு பெயின்ட் அடிச்சது 1956ல. ஏரியில இருந்து துறைமுகத்துக்குள்ள வர்ற படகுக்கு வலது கை பக்கம் இருக்குற அடையாளம் செவப்பா இருக்கணும்ங்கறது இங்க ரூல், அதனாலதான் அந்த நெறம். ஏரியில இருந்து துறைமுகத்துக்குள்ள போற வாய்க்காலுக்குத் தெற்குப் பக்கம் அது நிக்குது, நீங்க வடக்குப் பக்கம் ஸ்டேட் பார்க்ல கார நிறுத்துனா நேர் எதிர்ல தெரியும், நடக்கவே வேண்டாம். அதே ஊர்ல 1964ல நெதர்லாந்துல இருந்து கொண்டு வந்து நிறுத்துன காத்தாலை ஒண்ணு இருக்கு, இன்னமும் அதுல கோதுமை மாவு அரைக்கிறாங்க. எங்க அம்மா அங்கேந்து நகரவே மாட்டேன்னுட்டாங்க.

லடிங்டன்ல பிக் சேபிள், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். 1867ல செங்கல்ல கட்டி, காத்துலயும் பனியிலயும் செங்கல் உதிர ஆரம்பிச்சதால 1900ல சுத்தி இரும்புத் தகடு போட்டு மூடிட்டாங்க, கறுப்பும் வெள்ளையுமா பட்டை பட்டையா இருக்கும். உயரம் 112 அடி. நம்ம மெரினா லைட்ஹவுஸ் மாதிரி லிஃப்ட் எல்லாம் கெடையாது, 130 படி, இரும்புப் படி, சுத்திச் சுத்தி ஏறணும். மேல கதவத் தாண்டி வெளிய கால வெச்சா காத்து அப்படியே தள்ளும், கம்பியப் பிடிச்சுக்கிட்டு கீழ பாத்தா கரை ஓரத்துல தண்ணி வெளிர் பச்சையா இருக்கும், கொஞ்சம் தள்ளி மணல் திட்டு முடியுற எடத்துல சட்டுனு கருநீலமா மாறும், அந்தக் கோடு அவ்ளோ தெளிவா தெரியும். ஆனா பார்க்கிங்ல இருந்து மணல் ரோட்டுல போக மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மைல் நடக்கணும், முட்டி வலி இருந்தா கஷ்டம். சம்மர்ல சில நாள் மட்டும் பஸ் விடுவாங்க.

அங்கேந்து வடக்க போக எம்-22 ரோட்டப் பிடிங்க. ஃபிராங்க்ஃபோர்ட் தாண்டி பாயின்ட் பெட்சி, 1858ல கட்டினது, ரோடு முடியுற எடத்துலயே லைட்ஹவுஸ், கார விட்டு எறங்குனா ஏரி. பெரியவங்களுக்கு இதவிட வசதியான எடம் இந்தக் கரையில இல்ல.

ஸ்லீப்பிங் பேர்னா தூங்குற கரடின்னு அர்த்தம், பெரிய மணல்மேடு இருக்குற தேசியப் பூங்கா அது, அங்க லைட்ஹவுஸ மறந்துட்டு மணல பாருங்க. திருச்செந்தூர் பக்கம் தேரி பாத்திருப்பீங்கல்ல, அதையே வெளுப்பாக்கி ஏரிக்கு மேல 450 அடி தூக்கி வெச்ச மாதிரி இருக்கும். பியர்ஸ் ஸ்டாக்கிங் டிரைவ்னு ஏழு மைல் சுத்து ரோடு, கார்லயே போய் மேல நின்னு பாக்கலாம். யாரும் சரிவுல கீழ எறங்க வேண்டாம், எறங்குறது சில நிமிஷம், ஏறுறதுக்குள்ள உயிர் போயிடும். விஸ்கான்சின் பக்கம் காட்டுத்தீ வந்தப்ப ஒரு தாய்க்கரடி ரெண்டு குட்டியோட ஏரிய நீந்திக் கடந்துச்சாம், தாய் மட்டும் கரை சேந்து குட்டிகளுக்காகக் காத்துக் கெடந்து மணலாச்சு, மூழ்குன குட்டிங்கதான் எதிர்ல தெரியுற ரெண்டு மேனிட்டூ தீவும்னு இந்த மண்ணோட பூர்வகுடி மக்கள் சொல்ற கதை. அத அங்க நின்னு அப்பா அம்மாகிட்ட சொல்லுங்க, தீவு ரெண்டும் கண்ணு முன்னாடியே இருக்கும்.

பெட்டோஸ்கி ஊர்ல பீச்சுல சாம்பல் கலர் கல்லு கெடக்கும், தண்ணியில நனைச்சா அறுகோணம் அறுகோணமா வரி தெரியும், 35 கோடி வருஷம் முன்னாடி இங்க கடலா இருந்தப்ப வளந்த பவளம் அது. அங்க பொறுக்கலாம், ஸ்லீப்பிங் பேர் தேசியப் பூங்காவுக்குள்ள மட்டும் எடுக்கக் கூடாது.

கடைசியா மேக்கினா சிட்டியில கோட்டை மாதிரி ஒரு லைட்ஹவுஸ். 1957ல பக்கத்துலயே அஞ்சு மைல் பாலம் தெறந்தாங்க, பாலத்து வெளிச்சமே கப்பலுக்குப் போதும்னு அதே வருஷம் இத அணைச்சுட்டாங்க. இப்ப மியூசியம்.

தயவுசெஞ்சு ஒரு விஷயத்துல கவனமா இருங்க. ஏரிதானேன்னு நெனச்சு காத்து அடிக்கிற அன்னைக்கு கிராண்ட் ஹேவன் மாதிரி எடத்துல ஏரிக்குள்ள நீட்டிக் கட்டியிருக்குற கான்கிரீட் பியர் (தண்ணிக்குள்ள போற நடைமேடை) மேல நடக்காதீங்க, அலை ஏறி ஆள இழுத்துட்டுப் போயிடும், வருஷா வருஷம் இந்த ஏரியில உயிர் போகுது. செவப்புக் கொடி இருந்தா கால் நனைக்கவும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு புளிசாதம், தயிர்சாதம் கட்டிட்டுப் போயிடுங்க, சின்ன ஊர்ல சைவம் கெடைக்கிறது கஷ்டம். ஜூன் கடைசியில சூரியன் மறையவே ஒம்போதரை ஆகும், அதனால மத்தியானம் ரூம்ல படுக்க வெச்சுட்டு சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க, ஸ்வெட்டர் கண்டிப்பா வேணும். பிக் சேபிள் பஸ் விடுற தேதிய முதல்ல பாத்துட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி மத்த நாள பிரிச்சுக்கோங்க. ஜூலை தொடக்கத்துக்குத் தள்ளிப் போச்சுன்னா டிராவர்ஸ் சிட்டியில செர்ரி திருவிழா வந்துடும், ரூம் வெலை எகிறிடும், இப்பவே புக் பண்ணிடுங்க.