மட்டக்குதிரை ரொம்ப குண்டாயிட்டு, தீனிய நிறுத்தலாமா?

சொத்தவிளை பக்கம் வளக்கிற மட்டக்குதிரைய ரெண்டு நாள் பட்டினி போட்டா மெலியுமான்னு கேட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க அண்ணே. மட்டக்குதிரை திடீர்னு பட்டினி கெடந்தா உடம்புல உள்ள கொழுப்பு ரத்தத்துல கலந்து ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாயிரும்.

மொதல்ல காணம் (கொள்ளு), தவிடு, தேங்கா புண்ணாக்கு, பிள்ளைங்க பாசத்துல குடுக்கிற கருப்பட்டி, பழம் எல்லாத்தையும் படிப்படியா கொறச்சு நிறுத்துங்க. காஞ்ச புல்லு மட்டும் போதும், 200 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 3 கிலோவுக்கு கொறைய விடாம நாலஞ்சு தடவையா பிரிச்சு போடுங்க. அந்த புல்ல ஒரு மணி நேரம் தண்ணில ஊறப்போட்டு தண்ணிய வடிச்சு குடுத்தா இனிப்புச் சத்து கொஞ்சம் கொறையும், ஆனா நம்ம ஊரு சூட்டுல சீக்கிரம் புளிச்சிரும், அப்பப்போ ஊறவச்சது தான் குடுக்கணும். உப்புக்கட்டி, தாதுப்பு கலவை வேணும்.

மழை பெஞ்சு தளதளன்னு நிக்கிற பச்சப்புல்லுல அவுத்து விடாதீங்க, எனக்கு பயமே அதுல தான், குண்டு குதிரைக்கு குளம்புக்குள்ள லேமினைட்டிஸ்ங்கிற வீக்க நோய் வந்தா வலி தாங்காது. குளம்பு சூடா இருந்தாலோ நொண்டினாலோ நடக்க வைக்காம உடனே கால்நடை டாக்டர கூப்பிடுங்க. கால் நல்லா இருந்தா காலைல வெயிலுக்கு முன்ன தெனமும் நடத்துங்க. வாரம் ஒருக்கா டேப் வச்சு நெஞ்சளவு எழுதி வைங்க, விலா எலும்பு கைக்கு லேசா தட்டுப்படணும்.