புகழ்பெற்ற இசைக்கலைஞர்களின் பிள்ளைகள் இன்றைய திரையிசையில் வெற்றி பெற முடியுமா?

முடியும். ஆனால் தந்தையின் பெயர் முதல் வாய்ப்பை எளிதாக்குமே தவிர, அடுத்தடுத்த வாய்ப்புகளுக்கு உறுதி தராது. இளையராஜாவின் குடும்பமே இதற்கு நல்ல சான்று. யுவன் சங்கர் ராஜா 1997-இல் 'அரவிந்தன்' படத்தின் மூலம் அறிமுகமானபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை; தொடக்கப் படங்கள் பெரிதாகக் கவனம் பெறாத நிலையில், 'பூவெல்லாம் கேட்டுப்பார்' (1999) படமும் அதன்பின் வந்த படங்களுமே, தந்தையின் பாணியிலிருந்து விலகிய, இளைஞர்களுக்கு நெருக்கமான ஓசையை அவருக்கென்று உருவாக்கித் தந்தன. அவருடைய அண்ணன் கார்த்திக் ராஜா 'உல்லாசம்', 'டும் டும் டும்' போன்ற படங்களில் அருமையான பாடல்களைத் தந்தும், தம்பியளவுக்குப் படங்கள் அவருக்கு அமையவில்லை. அவருடைய திறமைக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். இவர்களின் சகோதரியும் பாடகியுமான மறைந்த பவதாரிணி, 'பாரதி' படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றவர்.

ஏ. ஆர். ரஹ்மானின் நிலை வேறு. மலையாளத் திரையிசையில் பணியாற்றிய அவருடைய தந்தை ஆர். கே. சேகர் 1976-இல் காலமானதால், ஒன்பது வயது மகனுக்குச் சிபாரிசு செய்ய அவர் உயிரோடு இல்லை. அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் வாழ்ந்தது. எனினும் கருவிகளோடு வளர்ந்த அந்தப் பழக்கம், எந்தப் பரிந்துரையையும்விட அவருக்குப் பெரிதும் உதவியது. இன்று யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் பாடல் வெளியிட யாருடைய சிபாரிசும் தேவையில்லை என்பதால், வாரிசுகளின் பழைய முன்னுரிமை ஓரளவு குறைந்திருக்கிறது. இளம் வயதிலேயே கிடைக்கும் பயிற்சியும் ஒலிப்பதிவுக்கூடச் சூழலும் மட்டும் இன்னும் அவர்களுக்கே வாய்க்கின்றன.