கத்தரியில் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதுமா?

காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சியும் நண்பகலில் கத்தரி வாடுகிறது, வேப்பங்கொட்டைக் கரைசல் ஊற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். தட்டைப்பயற்று வேர் முடிச்சைப் போல நகத்தால் கிள்ளியவுடன் உதிராமல், வேரே ஆங்காங்கே புடைத்துக் கரடுமுரடாக இருந்தால் அது மண்ணில் வாழும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் வேலைதான்.

வேரின் திசுவுக்குள் தங்கிவிட்ட பெண் புழுவை மேலே ஊற்றும் எந்தச் சாறும் எளிதில் எட்டாது. வேம்பிலுள்ள அசாடிராக்டின் மண்ணில் விரைவில் சிதைந்துவிடுவதால், புதிதாகப் பொரித்து வேரைத் தேடி வரும் இளம்புழுக்களை மட்டுமே கரைசல் ஓரளவு தடுக்கும். ஊற்றுவதானால், இடித்த வேப்பம்பருப்பு 500 கிராமை இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, ஈரமான மண்ணில் வேரடியில் மாலை வேளையில் ஊற்றலாம்.

என்னைக் கேட்டால், கரைசலைவிட வேப்பம் பிண்ணாக்கையே நம்புவேன். ஏக்கருக்கு 100 கிலோவை நடவுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே மண்ணில் கலந்து ஈரம் காத்தால், அது மட்கும்போது வெளியாகும் அம்மோனியாவும் பெருகும் நுண்ணுயிர்களும் புழுவை ஒடுக்கும்.

இப்புழுவை ஒடுக்கும் செண்டுமல்லியின் ஆற்றல் பெரிதும் உயிருள்ள வேரில் இருப்பதால், அரைத்து ஊற்றுவதைவிட அடுத்த போகத்தில் அதையே நெருக்கமாகப் பயிரிடுவது மேல். பூவுக்கும் விலை கிடைக்கும். தக்காளியையும் வெண்டையையும் அந்த இடத்தில் மாற்றுப் பயிராக வைக்காதீர்கள், இரண்டுமே இப்புழுவுக்கு விருப்பமானவை.