மார்கழியில் முல்லைத்தீவு: பரந்தனா, மாங்குளமா?

மாங்குளத்தில் திரும்புங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில், அதுவும் மார்கழியில் என்றால், சுற்றானாலும் மாங்குளம்–முல்லைத்தீவு றோட்டான ஏ34 தான். மேப்பில் பரந்தன் வழி கிட்ட என்று காட்டுவது சரிதான். ஆனால் அந்த ஏ35 முல்லைத்தீவுக்குச் சற்று முன் வட்டுவாகலில் நந்திக்கடல் களப்பைக் கடக்கிறது. மாரியில் களப்பு நிரம்பி, முகத்துவாரம் வெட்டிவிடாமல் இருந்தால் அந்தத் தாழ்ந்த பழைய பாலத்துக்கு மேலாகவே தண்ணீர் பாயும்.

பரந்தனில் ஏற்கெனவே திரும்பிவிட்டால், புதுக்குடியிருப்புச் சந்தியில் முல்லைத்தீவிலிருந்து வரும் பஸ்காரரைக் கேளுங்கள். “பாலத்துக்கு மேல தண்ணி” என்றால் ஒட்டுசுட்டான் றோட்டைப் பிடியுங்கள், ஏ34இல் ஏறலாம். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த செய்தி வந்தால், அதே ஏ35இல் முரசுமோட்டையிலேயே வெள்ளம் மறிக்கும்; அப்புறம் பரந்தன் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

மாங்குளம், ஒட்டுசுட்டான் இடையில் காடு. யானை நிற்கும், பொழுதுபட முன்னர் தாண்டிவிடுங்கள்.