பள்ளத்தாக்கு உங்கள் பட்டாவில் இல்லை

கேள்வி: தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகும் வழியில், மலைச்சரிவின் விளிம்பில் எங்கள் தாத்தா கட்டிய கல் வீடு இருக்கிறது. 1930-களில் கட்டியது என்று அப்பா சொல்வார். திண்ணையில் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அப்பா 2011-ல் உயில் எழுதாமல் காலமானார், அம்மாவும் போய்விட்டார். இரண்டு அண்ணன்கள், நான், ஒரு தங்கை. வீடு பூட்டிக் கிடக்கிறது. பெங்களூருவில் இருக்கும் பெரிய அண்ணன், 'பாரம்பரியக் கல் வீடு, மனம் மயக்கும் பள்ளத்தாக்குக் காட்சி' என்று விளம்பரம் கொடுத்து ஒரு வருடமாகிறது. வருகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். கட்டடத்துக்கு மதிப்பே இல்லை, இடித்துவிட்டு மனையாகப் பிரித்து விற்கலாம் என்கிறார் தரகர். பொக்லைனுக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. தங்கை 1986-லேயே கல்யாணமாகிப் போய்விட்டாள், அவள் கையெழுத்து தேவையில்லை என்கிறார் அண்ணன். தேக்கு நிலைக்கதவை மட்டும் தனியாக விலைக்குக் கேட்கிறார் ஒருவர். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: சகோதரி, முன்பணம் போனால் போகட்டும். பொக்லைன் வரவேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

வந்தவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று நீங்கள் சுவரிலும் கூரையிலும் காரணம் தேடுகிறீர்கள். எனக்கு உங்கள் தங்கையின் மேல்தான் சந்தேகம். அதாவது, அவருடைய கையெழுத்து இல்லாததன் மேல். வாங்கும் எண்ணத்தோடு வந்த ஒருவராவது பத்திர நகலை வாங்கித் தன் வக்கீலிடம் காட்டியிருப்பார். 'வாரிசு எத்தனை பேர்?' என்பதுதான் எந்த வக்கீலும் கேட்கும் முதல் கேள்வி. நான்கு பேரில் ஒருவர் கணக்கில் இல்லை என்று தெரிந்த பிறகு, திண்ணையிலிருந்து இமயமலையே தெரிந்தாலும் அவர் திரும்பி வரமாட்டார்.

உங்கள் அண்ணன் சொல்வது முழுப் பொய்யும் அல்ல, பழைய கதை. தமிழ்நாடு 1989-ல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தபோது, அதற்கு முன்பே திருமணமானவர்களை விட்டுவிட்டது. 1986 கல்யாணம் என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்திருக்கும். ஆனால் 2005-ல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்த விலக்கு போய்விட்டது. 2005-ல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. பூர்வீகமே அல்ல, அப்பாவின் தனிச் சொத்து என்று வைத்துக்கொண்டாலும், உயில் இல்லாதபோது மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் தங்கைக்கு நான்கில் ஒரு பங்கு. உங்களுக்கும்தான், கடிதத்தில் அதை நீங்கள் சொல்லவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்றே என்று அண்ணன் சொல்லக்கூடும். அந்த நகையைப் பங்கில் கழிப்பது திண்ணைப் பேச்சுக்கு ஆகும், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆகாது. நால்வரும் சேர்ந்து கிரயம் எழுதிக் கொடுங்கள். அல்லது தங்கை மனமுவந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணத்தில் சலுகையும் உச்சவரம்பும் உண்டு. மனமுவந்து என்ற சொல்லை அண்ணனுக்கு ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்து, காகிதங்கள். தாத்தாவின் மூலப் பத்திரத்தில் 'சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா' என்று இருக்கும். 1965-ல் தர்மபுரி தனி மாவட்டமானது. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆக ஒரே வீடு மூன்று மாவட்டங்களின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு இது வேடிக்கை. பெங்களூருவிலிருந்து வருபவருக்கு, மூன்று வெவ்வேறு சொத்துகளைக் காட்டி ஏமாற்றுகிறார்களோ என்ற பயம். உங்கள் பக்கத்தில் பழைய பத்திரங்கள் தெலுங்கிலோ கன்னடத்திலோ இருப்பதும் உண்டு. அப்படியானால் மொழிபெயர்த்து வையுங்கள். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்தால், அது பெரும்பாலும் 1975-க்குப் பின்னால் உள்ளதைத்தான் காட்டும். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடவேண்டும். வாரிசுச் சான்றிதழ், நால்வர் பெயருக்கும் பட்டா மாற்றம், புல வரைபடம், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். வீடு நிற்பது கிராம நத்தத்திலா (ஊர்க் குடியிருப்பு நிலம்), புன்செய்யிலா (மானாவாரி விவசாய நிலம்) என்பதும் அதில் தெளிவாக இருக்கட்டும்.

இனி தரகரின் யோசனை. மனையாகப் பிரிப்பதென்றால் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாத மனையைப் பதிவு செய்ய மாட்டார்கள். அது கையில் வருவதற்கு முன்பே வீட்டை இடித்துவிட்டு நிற்பது வீண் அவசரம். கட்டடத்துக்கு மதிப்பில்லை என்பதில் பாதி உண்மை இருக்கிறது. கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர், இத்தனை வயதான சுவருக்குப் பெரிதாக எதுவும் போடமாட்டார். அதனால் வங்கிக் கடனை நம்பி வருபவர் உங்களுக்கான ஆள் அல்ல. கையில் பணம் வைத்துக்கொண்டு, பழைய வீட்டில் வாழும் ஆசையும் உள்ள ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் வாங்குவதே அந்தச் சுவரைத்தான்.

அவர்கள் சுவரை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? சாவியை எடுத்து இரண்டு கருங்கற்களுக்கு நடுவே கீறுவார்கள். செம்பொடியாகக் கொட்டினால் மண் சாந்து. வெளுப்பாக, பிடிவாதமாக நின்றால் சுண்ணாம்புச் சாந்து. மண் சாந்து என்றால் வீடு வீண் என்று அர்த்தமில்லை. கூரை ஒழுகாதவரை அது பல தலைமுறை நிற்கும். ஒழுகினால் இரண்டே மழைக்காலத்தில் சுவரின் வயிறு வெளியே தள்ளும். ஆகவே செலவழிப்பதென்றால் கூரைக்குச் செலவழியுங்கள். உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். கைமரங்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று ஒலிப்பவை கரையான் தின்றவை. கல் இடுக்கில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் இலையைக் கிள்ளிவிட்டுப் போகாதீர்கள், வேரோடு எடுக்கவேண்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் முகப்புச் சுவர் முழுக்கச் சாக்லேட் நிறப் பெயின்ட்டும், கற்களைச் சுற்றி வெள்ளைக் கோடுகளும் தெரிகின்றன. யார் செய்த புண்ணியம் இது? கருங்கல்லுக்குக் கருங்கல் படம் வரைந்த மாதிரி இருக்கிறது. பின்சுவரில் சிமென்ட் பூச்சு வேறு. சுண்ணாம்பும் மண்ணும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும்; சிமென்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். அடியில் பூச்சு பொரிந்து உதிர்வது அதனால்தான். அமிலம் ஊற்றிக் கழுவாமல் பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். சிமென்ட்டை நீக்கிவிட்டுச் சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள்.

இப்போது, மனம் மயக்கும் அந்தக் காட்சிக்கு வருவோம். நீங்கள் விற்பது திண்ணைவரைதான். எதிர்ச்சரிவு யாருடையது? கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டை, அதாவது எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் பதிவேட்டை, பார்த்து வாருங்கள். காப்புக்காடு என்றால் உங்கள் அதிர்ஷ்டம். அங்கே யாரும் வீடு கட்ட முடியாது, காட்சி நிலைக்கும். உங்கள் பகுதியை ஒட்டிய காடுகள் பல 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகின்றன. எதிரே இருப்பது பட்டா நிலம் என்றால் நாளைக்கு அங்கே எதுவும் முளைக்கலாம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்குவாரி உட்பட. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்று விதி இருக்கிறது. பள்ளத்தாக்கின் அகலம் அதைவிடப் பெரியது, அதனால் எதிர்ச்சரிவுக் காட்சியை அந்த விதி காப்பாற்றாது.

காடு பக்கத்தில் என்றால் யானையும் பக்கத்தில். ராகி முற்றும் மாதங்களில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் யானைகள் இறங்குவது ஊரறிந்த செய்தி. உங்கள் முற்றத்தில் பலா மரம் வேறு நிற்கிறது. வருபவரிடம் இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டால், நீங்கள் சொன்ன மற்ற எதையும் நம்பமாட்டார்.

விளம்பரத்தை மாற்றுங்கள். மனம் மயங்குவதை வருகிறவர் பார்த்துக்கொள்வார். கட்டிய காலம், சுவரின் கனம், எந்தச் சாந்து, கூரை என்ன, கிணற்றில் கோடையில் எத்தனை அடித் தண்ணீர், கார் எதுவரை வரும், எதிரே காப்புக்காடா இல்லையா, நான்கு வாரிசுகளும் கையெழுத்திடத் தயார் – இவ்வளவு போதும். உச்சி வெயிலில் யாரையும் வரச்சொல்லாதீர்கள். காலையில் வரச்சொல்லுங்கள்.

வரி விஷயம் சுருக்கமாக: விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டவேண்டும். உங்கள் லாபத்துக்கான வரியைக் கணக்கிடும்போது, பழைய சொத்து என்பதால் 1.4.2001 அன்றைய நியாயமான சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கையை இப்போதே வாங்கிவையுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்காதீர்கள், சட்டம் அனுமதிக்கவில்லை. பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று தரகர் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக நிலைக்கதவு. அதைக் கேட்பவர் விவரமான ஆள். நீங்கள் அவருக்கு அதைக் கொடுக்காதீர்கள். நிலையைப் பெயர்த்தால் அதன் மேலே இருக்கும் கல் வரிசைக்குத் தாங்கல் போய்விடும், வாசலில் ஓட்டையோடு நிற்கும் வீட்டை யாரும் நல்ல விலைக்குக் கேட்கமாட்டார்கள். ஊஞ்சல், ஆட்டுக்கல், பித்தளைப் பாத்திரம் போன்றவற்றை நால்வரும் இப்போதே பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். மீதி எதெல்லாம் வீட்டோடு போகிறது என்பதைக் கிரய ஒப்பந்தத்தில் பட்டியலாக எழுதி, நிலைக்கதவை முதல் வரியில் போடுங்கள்.